அல்லி சாகவில்லை என்று ஒரு கட்சி

ஜூன் 3, செவ்வாய்

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. பிளம்பர் நாளை வருகிறேன் என்றான். அவன் சொல்லும் நாளை எந்த மாதத்து நாளையோ.

பதினொரு மணிக்கு ஒரு பெண் போன் செய்தாள். பேர் தாரிணி. 'முத்துத்துறை' படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம். தியேட்டருக்கு இல்லை, வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கிற தொடர், எட்டுப் பாகம். கதை எழுதும் குழுவில் இவள் இருக்கிறாள்.

"மேடம், அல்லி உயிரோட இருக்காங்கன்னு வெச்சு எழுதிட்டிருக்கோம். நீங்கதான் பண்ணணும்."

"ஏம்மா, அல்லி செத்துட்டாளே. நான்தானே செத்தேன்?"

"படத்துல செத்துட்டாங்க மேடம். நாவல்ல சாகல."

நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய படம். நான் அதில் இரண்டாவது நாயகி. இரண்டாவது நாயகி என்றால் இடைவேளைக்கு முன் ஒரு பாட்டு, கிளைமாக்ஸில் ஒரு கத்தி. கதாநாயகன் மேல் விழ வேண்டியதை வாங்கிக்கொண்டு, அவன் மடியில் தலையை வைத்து, அவன் முதல் நாயகியைக் கட்டிக்கொள்ள வழிவிட்டுப் போய்ச் சேர வேண்டும். நான் ஆறு படத்தில் அப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறேன். அல்லி போனதைத்தான் ஜனங்கள் இன்னும் சொல்கிறார்கள். கோயிலில் யாராவது என்னை அடையாளம் கண்டுகொண்டால், "நீங்க அந்த அல்லிதானே" என்பார்கள். இந்துமுகி என்ற பேர் ஒருவருக்கும் நினைவில்லை.

நாவலை எழுதியவர் பேரைத் தாரிணி சொன்னாள். அப்படி ஒருவர் எனக்கு ஞாபகம் இல்லை என்றேன்.

ஜூன் 4, புதன்

பிளம்பர் வரவில்லை.

ஜூன் 6, வெள்ளி

தாரிணி வீட்டுக்கே வந்தாள். முப்பது வயதிருக்கும். காபி கொடுத்தேன். சர்க்கரை வேண்டாம் என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையாவது வேண்டாம் என்று சொல்லித்தான் காபியே குடிக்கிறார்கள்.

விஷயம் இதுதான். படக் கதையையே எழுதிப் படத்தோடு கூட விற்ற மாத நாவலைப் பிடித்துக்கொண்டு இன்டர்நெட்டில் இரண்டு கட்சியாம். படத்தில் வந்ததுதான் நடந்தது, அல்லி செத்தாள் என்று ஒரு கட்சி. அல்லி சாகவில்லை என்று ஒரு கட்சி. டைரக்டர் முதலில் நினைத்த முடிவுதான் நாவலில் இருக்கிறது, விநியோகஸ்தர்கள் கட்டாயத்தால் படத்தில் மாற்றிவிட்டார் என்று இவர்கள் வாதம். என்னை அறியாமல் நான் நாற்பது வருஷம் பாதி உயிரோடு இருந்திருக்கிறேன்.

"எது கேனன்னு முடிவாகணும் மேடம்" என்றாள். எனக்குத் தெரிந்து அது கேமரா. பிறகு விளக்கினாள். ஒரே கதை படமாக ஒரு மாதிரி, புத்தகமாக ஒரு மாதிரி வந்தால், எதைக் கணக்கில் வைத்து மேலே எழுதுவது என்பதாம். எங்கள் பக்கத்தில் கேட்டால் 'எது கணக்கு?' என்பார்கள், முடிந்தது.

டைரக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். உரிமை அவர் மகனிடம் இருக்கிறது. மகன் சொல்கிறானாம்: அப்பா எடுத்த படம்தான் கணக்கு. ஆனால், அப்பாவே சொல்லித்தான் புத்தகத்தில் அல்லி பிழைத்தாள் என்று, நாவலை எழுதியவர் கேமரா முன்னால் சொல்லட்டும், நான் ஒப்புக்கொள்கிறேன்.

"அவர் சொல்லலன்னா?"

"படத்து வழியா போயிடுவோம். அல்லி இருக்க மாட்டாங்க. உங்க பழைய ஸ்டில்லுக்கு ஒரு மாலை போட்டு சுவத்துல மாட்டிடுவோம்."

நான் கடைசியாக கேமரா முன் நின்று ஏழு வருஷம் ஆகிறது. அதுவும் ஒரு சீரியலில் மாமியாருக்கு மாமியார், படுத்த படுக்கை. எனக்கு இந்த வேடம் வேண்டும். வேறு யாரிடமும் சொல்லமாட்டேன், இங்கே எழுதிவைக்கிறேன். எனக்கு இது வேண்டும்.

"அந்த ரைட்டர் போனை எடுக்கவே மாட்டேங்கிறார் மேடம். நீங்க ஒருதடவை பேசினா..."

பார்க்கலாம் என்றேன். அம்பத்தூர் அட்ரஸைக் கொடுத்துவிட்டுப் போனாள். புத்தகத்தைப் போனிலும் அனுப்பிவைத்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

புத்தகத்தைத் திறக்கவில்லை. எனக்கு என்ன அவசரம்?

இந்த மாதிரிப் புத்தகம் எப்படித் தயாராகும் என்று தாரிணிக்குத் தெரியாது. படம் தியேட்டருக்கு வருகிற அன்றே நாவலும் பெட்டிக்கடையில் தொங்க வேண்டும். ஆகையால் எழுதுகிறவர் படம் முடிந்த பிறகு பார்த்து எழுத முடியாது. ஷூட்டிங்குக்கே வந்து ஒரு ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பார்த்ததை வீட்டுக்குப் போய் எழுதுவார். அச்சாபீஸ் ஆள் காலையில் வந்து வாங்கிக்கொண்டு போவான். டைரக்டர் ரிலீஸ் ஓட்டத்தில் இருப்பார். பிரஸ்காரர் அட்டையில் கதாநாயகன் மூக்கு சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

'முத்துத்துறை'யை எழுதியவர் நாற்பத்தைந்து நாள் அந்த ஸ்டூலில் இருந்தார். சாத்தூர்க்காரர். சிவசைலம். என் சொந்தப் பேர் பேச்சியம்மாள் என்று தெரிந்துகொண்டு, செட்டில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள்.

ஞாபகம் இல்லை என்று செவ்வாய்க்கிழமை சொன்னேன். சொன்னால் என்ன இப்போது?

ஜூன் 10, செவ்வாய்

முழங்கால் வலி. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, வாஷர் வாங்கி வருகிறேன் என்று போனவன் போனவன்தான்.

எழுத்தைப் பெரிதாக்கி முப்பது பக்கம் படித்தேன். பரவாயில்லை. கதாநாயகனைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை.

ஜூன் 12, வியாழன்

இந்தப் புத்தகத்து அல்லி படத்து அல்லி இல்லை. படத்தில் அவள் எப்போதும் ஈரப் புடவை. அதற்குத்தான் என்னைப் போட்டார்கள். புத்தகத்தில் வெள்ளரிக்காய் தின்கிறாள். மிளகாய்ப்பொடியைத் தட்டிவிட்டு வெறும் உப்போடு தின்கிறாள். கோபம் வந்தால் பேசாமல் பாத்திரம் தேய்க்கிறாள். இடது காதில் தோடு ஆறாமல் புண்ணாக இருந்தது என்று ஓர் இடத்தில் வருகிறது. வசனத்தில் அப்படி ஒன்றும் கிடையாது.

அந்தப் படம் எடுக்கும்போது என் இடது காது புண்ணாக இருந்தது உண்மைதான். எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான்.

ஜூன் 13, வெள்ளி

முடித்தேன்.

படகுத்துறையில் கத்தி விழுகிறது. படத்தில் அத்தோடு சரி. புத்தகத்தில் அவளை மாட்டுவண்டியில் போட்டு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். இருபது நாள் கழித்து எழுந்து, யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறுகிறாள். கதாநாயகன் கல்யாணத்துக்குப் போகவில்லை. சாத்தூரில் இறங்குகிறாள். தையல் கடை ஒன்றில் வேலை. எதிரே ஓர் அச்சாபீஸ். அங்கே பிழை திருத்துகிற ஓர் ஆள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கடைவாசலில் நின்று, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறான். தினமும் அதே கேள்வி. அவள் பதில் சொல்வதில்லை. கடைசி வரி இப்படி: 'அன்றும் அல்லி பதில் சொல்லவில்லை. ஆனால் அவன் வந்து போகும்வரை கடையைச் சாத்தவும் இல்லை.'

அந்த ஆளுக்குப் பேர் வைக்கவில்லை. யாராக இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுதுகிறவர்கள் என்னவாவது எழுதுவார்கள்.

கண் எரிகிறது. போனில் இவ்வளவு நேரம் படிக்கக் கூடாது.

ஜூன் 14, சனி

படம் வந்த வாரம் மதுரையில் எங்களைத் தியேட்டர் தியேட்டராக அழைத்துப் போனார்கள். அல்லி சாகும்போது ஜனம் விம்மி அழுதது. முதல் நாயகி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது. விருது கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். வெளியே வரும்போது ஒரு அம்மாள் அந்தப் புத்தகத்தை ஆட்டிக் காட்டி, "எதுக்குடி அழுதீங்க, பொஸ்தகத்துல இவ பொழச்சிக்கிட்டாள்ல" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அழுத கண்ணோடு சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னிடம் இருந்தது அந்த ஒரு சாவுதான். அதையும் ஒரு ஆள் எழுதிக் கெடுத்துவிட்டான் என்று நினைத்தேன். சென்னைக்கு வந்த பிறகு அவர் புத்தகத்தைக் கொடுக்க வீட்டுக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நான் உள்ளே இருந்தபடியே, அவர் காதில் விழட்டும் என்று, "என் சாவைக் கெடுத்ததுக்கு எனக்கே ஒரு பிரதியா?" என்றேன். அம்மா போய் அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

டைரக்டர் அவரை அதன் பிறகு எந்த செட்டிலும் விடவில்லை. மற்ற கம்பெனிகளும் கூப்பிடவில்லை. விருது எனக்கு வரவில்லை. பிறகு நடந்த என் கல்யாணத்தைப் பற்றியும் அது முடிந்ததைப் பற்றியும் அப்போதே பத்திரிகைகள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டன.

ஒரு தடவை பிரித்துப் பார்த்திருக்கலாம். கடைசிப் பக்கத்தை மட்டுமாவது.

ஜூன் 17, செவ்வாய்

அம்பத்தூர் போனேன். சைலம் சாருக்கு அவர் அண்ணன் மகன் வீட்டு மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை.

"பேச்சியா? வா. செருப்ப உள்ளயே விடு, நாய் தூக்கிட்டுப் போயிரும்."

தலை முழுக்க நரைத்துவிட்டது. வலது காது கேட்கவில்லை. கை லேசாக நடுங்குகிறது. முப்பது வருஷம் பாடப் புத்தகக் கம்பெனியில் பிழை திருத்தியிருக்கிறார். அறையில் வேறு ஒருவருடைய சாமான் எதுவும் இல்லை. நான் அதைப் பார்ப்பதற்காகப் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது.

வந்த காரியத்தை இடது காதுப் பக்கம் உட்கார்ந்து சொன்னேன்.

"டைரக்டர் சொல்லித்தான் எழுதினேன்னு சொல்லணும், அவ்வளவுதான்."

"அவரு சொல்லலையே."

"தெரியும்."

"பெறகு எப்படிச் சொல்ல? படந்தான் கணக்கு, பேச்சி. நான் எழுதுனது பிழை. நீ அன்னைக்குச் செத்தது அவ்வளவு சரியா இருந்துச்சு. ஸ்டூல்ல உக்காந்து பாத்தேன்லா. அதக் கெடுத்துட்டேன்னு நீயே சொன்னியே, வாஸ்தவந்தான்."

"அன்னைக்கு நான் அதப் படிக்கல."

"இப்ப?"

"படிச்சேன்."

அவர் டம்ளரை எடுத்துப் பார்த்தார். "டீயில சீனி போதுமா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "பொஸ்தகந்தான் கணக்கு. அல்லிக்கு அதுல ஒரு கடை இருக்கு, ஒரு ஊரு இருக்கு. படத்துல அவளுக்கு என்ன இருக்கு, ஈரச் சேலையும் கத்தியுந்தான்" என்று கத்தினேன். காது கேட்காதவரிடம் கத்துவதில் தப்பில்லை. அன்றைக்கு அவர் இருந்த கட்சியில் இன்று நான் இருக்கிறேன். என் கட்சிக்கு அவர் போய்விட்டார். நடுவில் நாற்பது வருஷம் இரண்டு பேரும் ஒரே ஊரில்தான் இருந்திருக்கிறோம், ஆட்டோவில் வந்தால் முக்கால் மணி நேரம்.

"அப்ப ஏன் அவளப் பொழைக்க வச்சீங்க?"

"கத்தி விழுற வரைக்கும் எழுதிட்டேன். அதுக்கு மேல கை ஓடல. காலைல அச்சாபீஸ் ஆளு வாசல்ல வந்து நின்னுட்டான். சரின்னு ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேத்துட்டேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கிளம்பும்போது எனக்கு இந்த வேடம் எவ்வளவு வேண்டும் என்று சொன்னேன். வெட்கத்தை விட்டுத்தான் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, அந்தப் பிள்ளையைக் கேமராவோடு வரச் சொல் என்றார்.

வாசலில், "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

ஆச்சு என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டேன். சாப்பிட்டிருக்கவில்லை.

ஜூன் 21, சனி

தாரிணியும் கேமராக்காரரும் வந்தார்கள். நானும் போயிருந்தேன். டைரக்டர் மகன் வெளிநாட்டில் இருப்பதால் போன் திரையில் உட்கார்ந்திருந்தான். சைலம் சார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார்.

கேமராவைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தப் பெண்ணைச் சாகடிக்க மனசு வரவில்லை என்றார். படத்தில் வேறு வழியில்லை, நீ புத்தகத்திலாவது அவளை வாழவைத்துவிடு என்றார்."

எழுத்து மாதிரியே, நிறுத்தி நிறுத்தி. 'டைரக்டர்' என்ற வார்த்தை ஒன்றைத் தவிர அதில் பொய் இல்லை என்று எனக்குத் தோன்றியது. சரி, தோன்றியதை எழுதிவிட்டேன்.

திரையில் அந்தப் பையன், ஐம்பது வயதுப் பையன், கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்பா அப்படிச் சொன்னாரா சார்? எங்ககிட்ட ஒருநாளும் இப்படியெல்லாம் பேசினதில்ல" என்றான். சைலம் சார் தலையைக் குனிந்துகொண்டார். பாடப் புத்தகத்தில் ஒரு எழுத்து தப்பாகப் போனால் இரண்டு நாள் சோறு இறங்காத மனுஷன். அவரை இப்படி உட்கார்த்தி வைத்தது நான்.

தாரிணி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "மேடம், நீங்க உயிரோட இருக்கீங்க!"

ஜூன் 30, திங்கள்

ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. முக்கியமான பாத்திரம், கதையே உங்களை வைத்துத்தான் நகர்கிறது என்றார்கள். முழுக் கதையைத் தர மாட்டார்களாம், வெளியே கசிந்துவிடுமாம்.

சைலம் சாருக்குப் போன் செய்தேன். "கதைய எனக்குச் சொல்லிராத. வந்ததும் பாத்துக்கிடுதேன்" என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது. தையல் கடை வருமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன்.

குழாய் சரியாகிவிட்டது. இப்போது கீசர்.

ஆகஸ்ட் 6, புதன்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய பங்களா. ஏழு மணிக்கே மேக்கப். நரையை இன்னும் கொஞ்சம் நரையாக்கினார்கள். நல்ல பருத்திப் புடவை, ஈரம் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். புத்தகத்து அல்லிக்கு வயதானால் இப்படித்தான் இருப்பாள்.

வசனப் பேப்பரை எட்டரைக்குக் கொடுத்தார்கள். முதல் பாகம். அல்லி பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். கதாநாயகனின் மகனைப் பார்க்கிறாள். "உங்கப்பா மாதிரியே இருக்கே" என்கிறாள். எதிரி துப்பாக்கியை நீட்டுகிறான். அல்லி குறுக்கே பாய்கிறாள். மகன் மடியில் தலை சாய்கிறது.

அவ்வளவுதான். மீதி ஏழு பாகம் அவள் சாவுக்குப் பழிவாங்குவது.

தாரிணியைக் கூப்பிட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மேடம், கதையே அங்கதான் ஸ்டார்ட் ஆகுது. அல்லி உயிரோட இருக்காங்கன்னு ஆடியன்ஸ் சந்தோஷப்படுற அந்த நிமிஷத்துல... அது பெரிய இம்பாக்ட் மேடம். டீம்ல முடிவு பண்ணது, நான் மட்டும் இல்ல."

அல்லி உயிரோடு வேண்டும் என்று இவர்கள் அலைந்ததே இதற்குத்தான். செத்தவளைச் சுட முடியாதே.

எழுந்து போயிருக்கலாம். ஆட்டோ கிடைத்திருக்கும். மேக்கப் போட்டாயிற்று, விளக்கு எரிகிறது, நூறு பேர் நிற்கிறார்கள் என்றெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அந்த விளக்குக்கு முன்னால் நிற்க எனக்கு ஆசை. அதற்கு அவருடைய ஒரே புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஒரே டேக். நன்றாகச் செத்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை. பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள். ஒரு பெண் அழுதாள். யாரும் புத்தகத்தை ஆட்டிக் காட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை. நான் கேட்டது இதைத்தான், நாற்பத்தொரு வருஷம் கழித்துக் கிடைத்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

போன் இரண்டு தடவை அடித்தது. அவர்தான். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அவர் பார்க்கும்வரை சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் கிளம்பிவிட்டேன். அம்பத்தூர் மார்க்கெட்டில் வெள்ளரிக்காய் வாங்கினேன். சாத்தூர்க் காய் இல்லை, கசக்கிற சென்னைக் காய்தான்.

"செருப்ப உள்ளயே விடு" என்றார். பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

தட்டு எடுத்து வைத்து, சோறும் ரசமும் போட்டார். கை நடுங்கியதில் ரசம் கொஞ்சம் தரையில் சிந்தியது. நான் துடைத்தேன். வெள்ளரிக்காயை நறுக்கி என் பக்கம் வெறும் உப்பும், அவர் பக்கம் மிளகாய்ப்பொடியும் வைத்தார். கேட்காமலே வைத்தார்.

பாதிச் சாப்பாட்டில் சொன்னேன். "சார், நான் செத்துட்டேன்."

இடது காதை என் பக்கம் திருப்பினார். "என்னது?"

"அல்லி. முதல் பாகத்திலயே. உங்களப் பொய் சொல்ல வச்சி, பொழைக்க வச்சி, தொடர்ல கொண்டுபோய்க் கொன்னுட்டேன். தையல் கடையெல்லாம் இல்ல. எனக்குத் தெரிஞ்சிட்டு, தெரிஞ்சும் நடிச்சேன். அந்தப் பொஸ்தகத்த நீங்க கொண்டுவந்தப்பவே நான் வாங்கியிருக்கணும். வாங்கியிருந்தா..."

சோற்றுக் கையோடு அழுதேன். கிளிசரின் இல்லாமல் நான் அழுது எத்தனையோ காலமாயிற்று, அசிங்கமாகத்தான் வந்தது.

அவர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"கத்தியா?" என்றார்.

"இல்ல. துப்பாக்கி."

"எங்க பட்டுச்சு?"

தோளுக்குக் கீழே தொட்டுக் காட்டினேன். மேக்கப்காரப் பையன் சிவப்பு வைத்த இடம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிட்டே குனிந்து, அச்சுப்பிழை பார்க்கிற மாதிரி அந்த இடத்தைப் பார்த்தார்.

"இது ஆஸ்பத்திரிக்குப் போற காயந்தான், பேச்சி" என்றார்.